இரண்டு நற்சாட்சிகளும் ஒரு குறையும்

நான் நான்காம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய அன்று, பெயிலாகிவிட்டேன் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். எதிர்வீட்டு அக்கா கேழ்வரகு அடை கொண்டுவந்து என் முதுகைத் தடவி, "அழாதடி, பொட்டப் புள்ளைக்குப் பாஸானா இன்னா, பெயிலானா இன்னா" என்று ஆறுதல் சொன்னாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்த ஏன் கேக்கற, மண்டைல ஒண்ணும் ஏறமாட்டேங்குது" என்று பெருமூச்சு விட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கிள்ளு விழுந்தது. அடையை மட்டும் தின்றேன்.

இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவளுக்கு நற்சாட்சிக் கடிதம் வாங்கப் போன கதையைத்தான் சொல்ல வந்தேன். கேட்டுவிட்டு அவளைத் திட்டாதீர்கள். திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

அம்மாவுக்குப் புகழ்ச்சி என்றால் பயம். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். சந்தையில் யாரோ ஒருத்தி, "ராஜா கணக்கா இருக்கறானே" என்று அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாளாம். அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டான். அன்று அவசரத்தில் அவன் கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அம்மா சொல்வாள். அந்த வருஷம் ஆம்பூர் முழுக்கக் காய்ச்சல், பொட்டு வைத்த பிள்ளைகளும்தான் போனார்கள் என்று நைனா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு பிறந்த நான் கறுப்பி, கொரங்கு, தண்டச்சோறு.

தெருவே ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் அழகாக இருந்ததில்லை. எந்த மாடும் நிறையக் கறந்ததில்லை. யார் வீட்டுக் குழம்பிலும் ருசி கிடையாது. வெளியூர்க்காரன் நாலு நாள் எங்கள் பேச்சைக் கேட்டால், இவ்வளவு துப்புக்கெட்ட ஜனம் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்றுதான் நினைப்பான். ஆனால் எல்லோரையும் மிஞ்சியவள் எங்கள் அம்மா. மற்றவர்கள் மகளைச் சுமார் என்பார்கள். இவள் பெயில் ஆக்கிவிடுவாள்.

ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் வேலூருக்குப் போக வேண்டும். அங்கே மிஷன் பெண்கள் போர்டிங் ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தால் படிப்பு, சோறு, பிற்காலத்தில் டீச்சர் உத்தியோகம். சேராவிட்டால் ஒடுகத்தூர்.

ஒடுகத்தூரில் இருந்தவர் அம்மாவின் தம்பி. நான் பிறந்த அன்றே என்னை அவருக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். மாமாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு ஜோடி மாடு, தடவித் தடவி வளர்த்த மீசை. வரும்போதெல்லாம் துண்டில் கடலை கட்டிக்கொண்டு வருவார். கடலை எனக்குப் பிடிக்கும். மாமாவுக்கு அப்போது என் வயதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நான் பெரியவளானதும் முகூர்த்தம் என்பது பெரியவர்களின் ஏற்பாடு. அம்மி அரைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, அந்த மீசைக்குச் சோறு போட்டுக்கொண்டு என் காலம் போய்விடும் என்று நினைத்து, கடலை தின்றுகொண்டே அழுதிருக்கிறேன்.

நைனாவுக்கு நான் படிக்க வேண்டும். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். முழங்காலுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். எழுத்து தெரியாது. ஆனால் நான் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்தால் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பார். அம்மா என்ன நினைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. போர்டிங் பேச்சு வந்தால் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். கடிதம் வாங்கப் போவதற்கு முந்தின மாதம் திடீரென்று ஒடுகத்தூருக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து பேச்சே கம்மி. தேதி குறித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன்.

போர்டிங்கில் சேர ஒரு நிபந்தனை. பிள்ளையை அறிந்த இரண்டு ஆசிரியர்கள், படிப்பும் ஒழுக்கமும் சுபாவமும் எப்படி என்று தங்கள் கையாலேயே எழுதித் தர வேண்டும். சேர்க்கை நாளன்று கடிதங்களோடு பிள்ளையை மூட்டை முடிச்சுடன் கூட்டிப்போக வேண்டும். போர்டிங்கின் தலைவியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கடிதத்தைப் படிப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள். பிடித்தால் பிள்ளை அங்கேயே தங்கிவிடும். பிடிக்காவிட்டால் மூட்டையோடு அடுத்த வண்டியில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முதல் கடிதத்துக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தலைமை வாத்தியார் வீட்டுக்குப் போனோம். மனிதர் கோட்டும் தலைப்பாகையுமாக இருப்பார். ஐந்து வருஷமாக அவர் என்னைக் கழுதை என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்கு சரியாகப் போட்டால் "சரி கழுதை, உட்காரு" என்பார். தப்பாகப் போட்டால் பிரம்பு. அதனால் அவர் பேனாவை மசியில் தொட்டு எழுதத் தொடங்கியதும், கழுதை என்பதை எழுத்துத் தமிழில் எப்படி எழுதுவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். "இச்சிறுமி அறிவிற் சிறந்தவள். கீழ்ப்படிதல் உள்ளவள். உண்மை பேசுபவள். எம் பள்ளிக்கு ஓர் அணிகலன். இவளைப் போன்ற மாணவியை யான் கண்டதில்லை."

யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளும் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்த மனிதர்!

அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயா, இது அம்புட்டும் அந்தக் காயிதத்துல கீதா?"

"இருக்குதும்மா. ஏன், இன்னும் எழுதணுமா?"

"ஐயோ, வேணாங்க. ஜாஸ்தியாப் பூட்ச்சு. ஒரே ஒரு கொறை மட்டும் எழுதிடுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தமோ. "இன்னா சொன்ன?"

"கொறைங்க. எல்லாமே நல்லதா இருந்தா கண்ணு பட்டுடும். அம்மாந் தூரம் போற புள்ள. படிக்கறவங்க கண்ணு எப்படி இருக்குமோ, யாரு கண்டா?"

"ஏம்மா, இது நற்சாட்சி. இதுல போயி யாராவது குறை எழுதுவாங்களா?"

"பெரிசா ஒண்ணும் வேணாங்க. கருப்பா இருப்பான்னு எழுதுங்க."

"அது குறை இல்ல, நிறம்."

"காலைல எழுப்பினா எழுந்திரிக்க மாட்டா."

"போர்டிங்குல விடியறதுக்கு முன்னாடி ஜெபம். அத எழுதினா வாசல்லயே திருப்பி அனுப்பிச்சுடுவாங்க."

"சோறு ஜாஸ்தி துன்னுவாங்க."

"அடக் கடவுளே! அவங்க மொதல்ல பாக்கறதே அததாம்மா!"

இப்படி என் குறைகள் ஒவ்வொன்றாகச் சபைக்கு வந்தன. தலையில் பேன், எதிர்த்துப் பேச்சு, பொம்மைக்குச் சட்டை தைக்க நைனாவின் வேட்டியைக் கிழித்தது. அம்மாவின் ஞாபக சக்தியைப் பார்த்து நான் அசந்துபோனேன். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் அவள்தான் அந்த அணிகலன். கடைசியில் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "முடியாது. பேஜார் பண்ணாத, எடுத்துக்கினு போ" என்று கடிதத்தை என் கையில் திணித்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "பத்திரம் கழுதை" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இரண்டாவது கடிதம் தையல் டீச்சரம்மாவிடம். குடியாத்தத்து நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். எனக்கு அவர் மேல் உயிர். என் தையலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் சிரிக்கும். வாயால் மட்டும் "பரவாயில்ல" என்பார். நல்ல மனசு, நல்லதாக எழுதுவார் என்று நம்பி, துள்ளிக்கொண்டு போனேன். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் என் துள்ளல் நின்றுவிட்டது. தூளியில் கிடந்த குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. அம்மா அதைப் பார்த்து, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

டீச்சரம்மா எழுதிக் கொடுத்ததை நானே உரக்கப் படித்தேன். "எழுதப் படிக்கத் தெரியும். தையல் பரவாயில்லை. பேச்சு அதிகம். சாப்பாட்டில் மிச்சம் வைக்க மாட்டாள். சொன்னால் கேட்பாள், சில சமயம். மொத்தத்தில் பரவாயில்லை."

"ஆங்! இதான் லெட்டரு!" என்று அம்மா டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்டி அழற? நல்லாத்தானே எழுதிக்கீறேன்? என் சொந்தத் தங்கச்சி சேரப் போனப்போகூட 'சுமார்'னுதான் எழுதிக் குடுத்தேன்" என்றார் டீச்சரம்மா.

"அவங்க சேந்தாங்களா டீச்சர்?"

டீச்சரம்மா தூளியை ஆட்டினார். "இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதங்களையும் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டுல எது நம்ப பொண்ணு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது சிரிக்கிற விஷயமா? மிஸ்ஸியம்மா ஒன்றை மட்டும் படித்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவாளா? அம்மா வேண்டுமென்றே செய்கிறாள், என்னை ஒடுகத்தூருக்கு அனுப்பத்தான் இத்தனையும் என்று கத்தினேன். அம்மா என் துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

சேர்க்கை நாளன்று நைனாவுக்கு ஷாப்பில் லீவு கிடைக்கவில்லை. பச்சைத் தோல் வந்து இறங்கியிருந்தது, விட்டால் கெட்டுவிடும். ஸ்டேஷன்வரை வந்து வண்டியேற்றிவிட்டு ஓடினார். அம்மாவும் நானும் மூட்டையும். ரயில் நகர்ந்ததும் கடிதங்கள் இருக்கின்றனவா என்று உறையைப் பிரித்தேன். பிரித்தவள் அலறிவிட்டேன்.

வாத்தியாரின் கடிதத்தில், மேலே வலது மூலையில், நல்ல துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மைப்பொட்டு. பேனா மசி இல்லை. விளக்கெண்ணெயில் குழைத்த கண்மை. வீட்டில் எனக்கு வைத்த அதே மை.

"இன்னாம்மா இது?"

"வாத்தியாரு வெக்கமாட்டேன்னாரு. நான் வெச்சேன்."

"கடுதாசிக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"கடுதாசிக்கா வெச்சேன்? அதுல இருக்கறவளுக்கு வெச்சேன்."

முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எண்ணெய் இறங்கி, மை இழுத்துக்கொண்டு போய், "உண்மை பேசுபவள்" மேல் படிந்தது. இப்போது வாத்தியார் மனம் மாறி அதை மட்டும் அடித்துவிட்டதுபோல் இருந்தது. எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். நியாயம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்று காகிதத்தைக் காட்டினேன். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "வெச்சது செரிதான். பின்னாடிப் பக்கமா வெச்சிருக்கலாம்" என்றாள். காட்பாடிவரை நான் யாரிடமும் பேசவில்லை. அங்கே இறங்கி, வேலூருக்கு ஜட்கா வண்டியில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மட்டும், "என்ன ஒடுகத்தூருக்கே அனுப்பிடு, உன் ஆசை தீரட்டும்" என்றேன். அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை.

போர்டிங்கில் வரிசையாகப் பெண் பிள்ளைகளும் அம்மாக்களும் நின்றிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு பிள்ளை மூட்டையோடு வெளியே வந்தது. அதன் அம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டே போனாள்.

மிஸ்ஸியம்மா நெட்டையாக, நரைத்த தலையோடு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பண்டிதரிடம் கற்ற தமிழ் அவளுடையது. சொல் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டதுபோல் வரும். வாத்தியாரின் கடிதத்தை எடுத்தாள். படித்துக்கொண்டே வந்த விரல் கறையில் நின்றது. விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"இது மசி அல்லவே. எண்ணெய்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் இரண்டாவது கடிதத்தை எடுத்தாள். மெதுவாகப் படித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இவ்விரண்டும் ஒரே சிறுமியைப் பற்றியவையா?"

"ஆமாங்கம்மா."

"இந்தக் கறையை வைத்தது யார்?"

"நான்தாங்கம்மா" என்று அம்மா முன்னால் வந்தாள். வேறொருத்தியாக இருந்தால் எண்ணெய் சிந்திவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருப்பாள்.

மிஸ்ஸியம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "தாய்மார் சிலர் மகளை அனுப்ப மனமின்றி இப்படிக் காகிதத்தைக் கெடுப்பதுண்டு. நான் பல முறை கண்டிருக்கிறேன். உமக்கு விருப்பமில்லையெனில் வெளிப்படையாகச் சொல்லும். உமது மகளை வற்புறுத்தி நாங்கள் வைத்துக்கொள்வதில்லை."

வீட்டில் நான் கத்தியதைத்தான் அவளும் கேட்டாள். நானும் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா ஒரே மூச்சில் படபடவென்று பேசினாள். "விருப்பம் இல்லாததுக்கு எவளாச்சும் பொட்டு வெப்பாளாம்மா? எனக்குக் கூடப்பொறந்தவன் ஒர்த்தன்தான். ஒடுகத்தூர்ல கீறான். இவ பொறந்தன்னிக்கே அவனுக்குன்னு பேசினது. போன மாசம் நானே நேராப் போயி, குடுக்கமாட்டேண்டா, எம் பொண்ணு படிக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்காதன்னுட்டான். செத்தாலும் வராதன்னுட்டான். எனக்குப் பொறந்த வூடு இல்லம்மா இப்போ. இவ ஊட்டுக்காரருக்கே, இவ நைனாவுக்கே, இன்னும் சொல்லல. இதுக்கு மேல இன்னா விருப்பம் காட்டணும் நானு?"

அவள் பதற்றத்தில் நைனாவை எனக்கு ஊட்டுக்காரர் ஆக்கிவிட்டாள். வேறு நேரமாக இருந்தால் வாரக் கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மிஸ்ஸியம்மாவுக்கு அந்த வேகத்தில் எங்கள் பேச்சு பாதிகூடப் பிடிபடவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "உன் தாய் கூறியது எனக்கு விளங்கவில்லை. நீ நிதானமாகச் சொல்."

சொல்லத் தொடங்கினேன். பாடம் ஒப்பிக்கிறபோது வருகிற தமிழில், வாத்தியார் பிரம்போடு நிற்பதாக நினைத்துக்கொண்டு. "என் அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி இருக்கிறார். என்னை அவருக்கு மணம் செய்து கொடுப்பதாகப் பேச்சு. அம்மா அவர் வீட்டுக்குப் போய், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இப்போது..."

அதற்கு மேல் வரவில்லை. ஒடுகத்தூரிலிருந்து வந்த அன்று அம்மாவின் மடியில் கடலை இல்லாததை நான் பார்த்தேன். ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டுச் சண்டையும் போட்டேன்.

"சொல். உன் தாய்க்கு இப்போது?"

"பிறந்த வீடு இல்லை."

"ஏன் அப்படிச் செய்தார்?"

"நான் படிப்பதற்காக" என்றேன். அழுகை வந்துவிட்டது. மூக்கும் ஒழுகியது. துடைக்கக் கை எழவில்லை.

மிஸ்ஸியம்மா சேர்க்கைப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை எடுத்தாள்.

அம்மா முந்தானையால் என் மூக்கை அழுத்தித் துடைத்தாள். வலித்தது. "ஏண்டி, நிமுந்து நில்லு. பேர எழுதிக்கச் சொல்லு அவங்கள. எனக்கு வண்டி போய்டும்" என்றாள்.